வெள்ளை விழுந்த குரோட்டன்ஸ்

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெயில் விழாது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பலா, இந்தப் பக்கம் இரண்டு மா. மூன்றும் சேர்ந்து மேலே கூரை போட்ட மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. அம்மா மல்லிகை வைத்துப் பார்த்தாள். இலை விட்டது, மொட்டு வைக்கவில்லை. கனகாம்பரம் வைத்தாள், நோஞ்சானாக வளர்ந்து ஒரு மழைக்குச் சாய்ந்தது. புதுக்கோட்டையில் எல்லா வீட்டிலும் வெயிலைத் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நிழலைத் திட்டினோம்.

அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சமஸ்தானம் போய் ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம், அவருடைய மேலதிகாரி ஒருவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு மதராஸுக்குக் கிளம்பினார். சாமான் ஏற்றிவிட ஆபீஸே போயிற்று. ஒருத்தர் பழைய நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார், இன்னொருத்தர் கண்ணாடி அலமாரியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார். எங்கள் அப்பா ஒரு செடியோடு வந்து நின்றார். வேரை ஈரச்சாக்கில் சுற்றியிருந்தது.

"என்ன பூக்கும் இது?" என்றாள் அம்மா.

"பூவெல்லாம் பூக்காது."

"காய்க்குமா?"

"காய்க்காது. இது குரோட்டன்ஸ். பங்களாவுல எல்லாம் வைப்பாங்க. பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னது நியாயம்தான்.

அது உண்மையில் குரோட்டன்ஸ்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இலையில் இரண்டு நிறம் இருந்தால் எல்லாம் குரோட்டன்ஸ்தான். இதில் பச்சை இலை மேல் வெள்ளை தெளித்திருக்கும். சில இலைகளில் ஓரம் மட்டும் வெளுத்திருக்கும், சிலவற்றில் பாதி இலை அப்படியே பாலாக இருக்கும். கோடை, பனி எதற்கும் இலை உதிர்க்காது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறைப்பது என் வேலை என்பதால் செடியும் என் தலையில் விழுந்தது.

ஆசையோடு சாணியைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பி மற்றதையெல்லாம் தாண்டிப் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனபிறகு பார்த்தால் வெள்ளை விழுந்த கிளைகள் எல்லாம் அதற்கு அடியில் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தன. பச்சைக் கிளைக்குத்தான் பலம் அதிகம்; விட்டால் செடி முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அரிவாளைக் கொண்டுபோய் அதை அடியோடு நறுக்கினேன். சாணியை நிறுத்திவிட்டு, பலா மரத்தடியில் மக்கிக் கிடந்த இலையை அள்ளிப் போட்டேன். மாவுப்பூச்சி வந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். ஒரு வருஷத்தில் செடி அழகாக வந்துவிட்டது. எல்லாவற்றையும் நானே தப்பும் தவறுமாகச் செய்து தெரிந்துகொண்டதுதான்.

நான் பெரியவளான சமயம், அம்மா முகத்துக்கு மஞ்சள் பூசிவிடும்போது கையை நிறுத்தினாள். உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. எச்சில் தேமல் என்றாள். அப்புறம் விரல் நுனிகளில் வந்தது. அப்புறம் புறங்கை, முழங்கை. தேமல் என்று சொல்வதை அவளே நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். ஒரு நாள் டீச்சர் என்னை மட்டும் ஜன்னல் ஓரமாகத் தனியே உட்காரச் சொன்னார். மறுநாளிலிருந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வெளியே ஒருவர் என் கையைத் தொட்டது அதுதான் கடைசி. "இது ஒட்டாதுங்க. குஷ்டமும் இல்ல. நிறம் போகுது, அவ்வளவுதான். பிள்ளை நல்லா இருக்கு" என்றார்.

"ஊரு நம்பணுமேங்க" என்றார் அப்பா.

ஊர் நம்பாது என்று முடிவு கட்டிக்கொண்டு, எங்கள் வீடே நம்பாமல் விட்டுவிட்டது. ஒரு வைத்தியர் கார்போக அரிசியை அரைத்துக் கொடுத்தார். பூசிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். கொல்லையில் வெயில் கிடையாது என்பதால் மொட்டை மாடியில் நின்றேன். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. திருவரங்குளத்தில் சாமிக்கு வேண்டிக்கொண்டு குளத்தில் முழுக்காட்டினார்கள். கொப்புளம் ஆறியது, வெள்ளை அப்படியே இருந்தது.

வைத்தியமும் வேண்டுதலும் தீர்ந்தபிறகு அம்மா காரணத்தைத் தேட ஆரம்பித்தாள். ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பச் செடியைப் பார்த்தாள்.

"இந்தச் சனியன்தான்! இது வந்த நாளையிலேருந்து நீதான அதக் கட்டிக்கிட்டு அழுவுற? இதோட பாலு பட்டுத்தான் ஒனக்கும் இப்புடி ஆச்சு."

அடித்தூரோடு பிடுங்கித் தெருமுனைக் குப்பையில் எறிந்துவிட்டு வந்து குளித்தாள். அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் வம்ச ரத்தத்தில் இருக்கும் நோய் என்றால் மற்றப் பெண்களுக்கும் வரும் என்று பேச்சு கிளம்பும். செடியால் வந்தது என்றால் என்னோடு போய்விடும். பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருந்தார்கள். அதனால் செடியால்தான் வந்தது என்பதில் எங்கள் வகையறாவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் குப்பையிலிருந்து நான்கு கொப்புகளை எடுத்து வந்து பலா மரத்துக்குப் பின்னால் குத்திவைத்தேன். எல்லாம் பிழைத்தன. அம்மா பார்த்தாள், இந்தத் தடவை பிடுங்கவில்லை. எனக்கு வரவேண்டியது வந்துவிட்டது, இனிமேல் என்ன என்று நினைத்திருப்பாள். செடியும் நானும் ஒன்று என்று சித்தி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செடிக்கு வெள்ளை விழுந்தால் அழகு என்று சொல்லி அதிகாரி வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வருகிறார்கள். எங்கே ஒன்றானோம்?

என் தங்கை என்னைவிட இரண்டு வயது சின்னவள். நல்ல நிறம். அவளுக்கு ஜாதகம் எடுக்கும் வயது வந்ததும் மூத்தவள் எங்கே என்ற கேள்வி வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் தூரத்துத் தங்கை ஒருத்தி மலேயாவில் இருந்தாள், பிள்ளை இல்லாதவள். மூத்த பெண்ணை அவள் தத்து மாதிரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அங்கேயே ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒரு கிராணிக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். மலேயா என்றால் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதில்லை. சொந்தக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மாதத்தில் எல்லோர் வாயிலும் நான் கப்பல் ஏறிவிட்டேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. முந்திரிக்காடும் மானாவாரி நிலமும் உள்ள குடும்பம். பையன் ரோடு ஓவர்சியர். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அப்பா கொல்லைக்கு வந்தார். அதற்குள் நான் கொப்பு கொப்பாக நட்டு, உடைந்த பானையிலும் மண்ணெண்ணெய் டின்னிலுமாக வரிசையாக வளர்த்து வைத்திருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"நல்லா வெள்ளை விழுந்ததாப் பாத்து எடு. வாசல்ல வச்சா எடுப்பா இருக்கும்" என்றார்.

டின்களுக்குக் காவி அடித்தார். நான் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துக் கொடுத்தேன். தங்கைக்கு நல்லது நடக்கட்டும் என்று மனசாரத்தான் துடைத்தேன். மறுநாள் அவர்கள் வருவதற்கு முன்னால் அவள் பட்டுச்சேலையோடு கொல்லை வாசலுக்கு ஓடி வந்து, "எப்புடிக்கா இருக்கேன்?" என்று கேட்டாள். "ராசாத்தி மாதிரி இருக்க. போ, போ, சேலை அழுக்காயிரும்" என்றேன். நான் கிணற்றடியை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு.

வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. எல்லாம் உள்ளேயிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்தது. பையனுடைய அம்மா உரத்த குரல்காரர், மனசில் பட்டதைப் பேசுகிறவர்.

"ஆத்தாடி, வாசல்ல என்ன செடி அது? சுண்ணாம்பத் தொட்டுத் தொட்டு வச்ச மாதிரி எம்புட்டு அழகா இருக்கு! ஒரு கன்னு குடுங்களேன்."

"ஒரு டின்னையே எடுத்துட்டுப் போங்க" என்றார் அப்பா.

"டின்னத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் பஸ்ஸுல ஏறுறது? கொல்லையில இருக்கும்ல. நானே பாத்து எடுத்துக்கிறேன்."

அம்மா 'இருங்க, நான் கொண்டாறேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கொல்லை வாசலைத் தாண்டி வந்துவிட்டார். நான் கிணற்றடியில் உட்கார்ந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பழைய சேலை. எழுந்து நிற்பதா, ஓடுவதா என்று தெரியவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார்.

"யாரு இது?"

"தோட்ட வேலைக்கு இருக்குற புள்ளைங்க" என்றாள் அம்மா.

அவள் கொஞ்சம் தடுமாறியிருந்தால், எச்சிலை ஒரு முறை விழுங்கியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. அம்மாவுக்குப் பின்னால் தங்கை நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு கால் விரலைப் பார்த்தாள். சின்னப்பெண், அவளைக் குறை சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். முடியும். நான் சொல்கிறேன்.

"சோறு தண்ணியில கை வைக்க விடுறீங்களா?"

"அய்யோ, இல்லீங்க. வெளி வேலை மட்டுந்தான்."

"பாவம், என்ன பண்ணும், சாமி விட்ட வழி" என்று அந்த அம்மாள் சொன்னார். கெட்ட மனுஷி என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்தா புள்ள, நல்ல கன்னாப் பாத்து ஒண்ணு குடு. எப்புடி வைக்கணும்?"

வேர் விட்ட கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து வாழைமட்டையில் சுற்றிக் கட்டினேன். "நெழல்ல வைங்க. வெயில்ல வச்சா வெள்ளை கருகிரும். சாணி போட வேணாம், மக்குன எலை போதும். பச்சைக் கொப்பு வந்தா ஒடனே கிள்ளிருங்க" என்றேன்.

"வெவரமான புள்ளையா இருக்கே" என்றார் அம்மாவிடம். நான் நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கீழ வையி."

துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். அவர் வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மோந்து அதன் மேல் ஊற்றிவிட்டு, அப்புறம் எடுத்துக்கொண்டு போனார். அம்மா அவர் பின்னாலேயே போனாள். அன்று சாயங்காலம் எனக்குச் சோறு கொல்லைக்கு வந்தது.

கல்யாணம் கந்தர்வக்கோட்டையில் நடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் சம்பந்தி வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு வந்தாலும் நான் வேலைக்காரி, வளைகாப்புக்கு வந்தாலும் வேலைக்காரி. முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிடுவார்கள் என்பதற்காக அவர்கள் வராத நாளிலும் நான் கொல்லைப்பக்கத்து அறையிலேயே படுக்க ஆரம்பித்தேன். தங்கை பிரசவத்துக்கு வந்தாள். குழந்தைத் துணியெல்லாம் நான்தான் துவைத்தேன். யாரும் இல்லாதபோது "அக்கா, கொஞ்சம் வச்சுக்க" என்று குழந்தையை என் மடியில் போடுவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பறித்துக்கொள்வாள். அப்போது எனக்கு அக்கா என்ற பேர் போய் 'இந்தா' என்ற பேர் வந்துவிடும்.

மலேயாவில் இருந்த நான் மட்டும் நன்றாக இருந்தேன். சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார். அம்மா ஏதாவது சொல்லியாக வேண்டும். முதலில் எனக்கு ஒரு பையன் பிறந்தான். அப்புறம் என் வீட்டுக்காரருக்குப் பெரிய தோட்டத்துக்கு மாற்றலாயிற்று. அப்புறம் இரண்டாவதும் பையன். ஒரு நாள் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

"சின்னவன் அப்புடியே எங்க மூத்தவ சாடையாம். அதே கண்ணாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எட்டிப் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பற்றிப் பேசும்போது அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பேசாமல் அந்தப் பேரனைக் கொஞ்சிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி வீட்டில் செடி நன்றாக வந்துவிட்டதாம். கேணிமேட்டில் நிழலில் புதர் கட்டி நிற்கிறது, ஊரே வந்து கன்று கேட்கிறது என்று தங்கை சொன்னாள். நான் போய்ப் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் அம்மா படுத்தாள். வயிற்றில் என்னவோ கட்டி. திருச்சி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் தண்ணீர் ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் இந்தக் கைகள்தான். சோறு தண்ணீரில் வைக்கக் கூடாத கைகள். ஒரு நாள் என் விரலைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா உள்ளே வந்தார், விட்டுவிட்டாள். அப்புறம் பேச்சு வரவில்லை.

இறந்த அன்று காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். அழுது கண் வீங்கியிருந்தது. "கந்தர்வக்கோட்டைக்காரங்க வந்துக்கிட்டு இருக்காங்க. நீ கொல்லைப் பக்கமே இரு. சின்னவளுக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைக. நாளைக்கு அதுகளையும் கட்டிக்குடுக்கணும்" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. சரிப்பா என்றேன்.

கூடத்தில் அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த குடத்தோடு நான் கொல்லை வாசலிலேயே நின்றேன். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்கூட இருந்தார்கள். சம்பந்தியம்மா வந்ததுமே மாரில் அடித்துக்கொண்டு, "மலேயாவுல இருக்குற பெரியவளுக்குத் தந்தி குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சு. கப்பல்ல வந்து சேர முடியுமா?" என்றார் அப்பா.

"பெத்த தாயி மொகத்தப் பாக்கக் குடுத்து வைக்கலையே அவ! எந்தக் கரையில நின்னு அழுவுறாளோ" என்று எனக்காக உண்மையிலேயே அழுதார். அன்று எனக்காக அழுத ஒரே ஆள் அவர்தான்.

வாய்க்கரிசி போட மகள்களைக் கூப்பிட்டார்கள். தங்கை போட்டாள். நான் குடத்தைக் கீழே வைத்தேன். ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டேன்.

"பெரியவ பங்கு நிக்குதே. அத வெறுமனே விடக் கூடாது. அவ பங்குக்கும் நீயே ஒரு பிடி போட்டுரு தாயி" என்றார் சம்பந்தியம்மா.

தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவள் இன்னொரு பிடி அரிசியை அள்ளினாள். என் பங்கை அம்மாவின் வாயில் போட்டாள்.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். நான் வழியில் நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"ஏ புள்ள, அங்கிட்டு ஒதுங்கு. தூக்கப் போறாங்க" என்றார்.

ஒதுங்கினேன்.